வண்ணக்கர் மரபும் வெள்ளி ரூபாயும்

‘நாணயம்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையிற் புழங்கும் காசும் நாணயம். கொடுத்த சொல்லைக் காக்கும் நேர்மையும் நாணயம். இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் எவ்வாறு அமைந்தன என்று நாம் அடிக்கடி எண்ணியதுண்டு. அண்மையில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி அதற்கு ஒருவாறு விடை தந்தது.

சென்ற தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன்னர், நம் சங்கத்து நண்பர் ஒருவர் பழைய சுருக்குப்பை ஒன்றுடன் நம் இல்லம் வந்தார். தஞ்சைப் பகுதிச் சிற்றூர் ஒன்றிலிருந்து மணமகளாகப் பம்பாய்க்கு வந்தவர் அவர்தம் அன்னையார். வரும்போது தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளி ரூபாய்கள் அப்பையில் இருந்தன. எண்ணிப் பார்த்ததில் இருபது நாணயங்கள். இருபத்தொன்றாவது நாணயம் ஒரு மஞ்சள் துணியில் தனியே முடியப்பட்டிருந்தது. அன்னையார் மறைந்து ஓராண்டு நிறைந்த நிலையில், அவற்றை எல்லாம் உருக்கித் தம் மகளுக்கு ஒரு குத்துவிளக்குச் செய்விக்கலாம் என்று நண்பர் எண்ணியிருந்தார். “இவற்றில் வெள்ளி எவ்வளவு? எல்லாம் நல்லவைதாமா?” என்பவை அவர் கேட்ட வினாக்கள்.

பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய சிறு முடிச்சு ஒன்று பெட்டியின் அடியில் இருக்கும். நண்பரின் வினா அவர்கள் அனைவருக்கும் உரியது. ஆகவே அதற்கான விடையை வரலாற்றோடு சேர்த்து இங்கே வரைகின்றோம்.

வண்ணக்கர்

நாணயத்தின் தரம் பார்த்துச் சொல்வோர்க்குப் பழந்தமிழில் ‘வண்ணக்கர்’ என்று பெயர். சங்கப் புலவர் வரிசையில் வடம வண்ணக்கன் தாமோதரனார், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான் ஆகியோரின் பெயர்களைக் காண்கின்றோம். பொன்னையும் காசையும் நோட்டம் பார்த்த கைகளே பாட்டும் எழுதின என்பது எண்ணி மகிழத்தக்கது. ‘வடம’ என்னும் அடைமொழிக்கு, வடக்கேயிருந்து வந்து குடியேறியவர் என்று பொருள் கொள்வாரும் உளர். அவ்வாறாயின், ஊர் மாறி வாழ்ந்து, புகுந்த ஊரின் நம்பிக்கையைப் பெற்ற முன்னோர் அவர்கள்.

அக்காலத் தமிழகத்திற்கு வெள்ளி கடல் வழியே வந்தது. மிளகுக்கும் முத்துக்கும் மாற்றாக ரோமானியர் தந்த ‘தினாரியஸ்’ என்னும் வெள்ளிக் காசுகள் கொங்கு நாட்டிலும் பிற இடங்களிலும் புதையல்களாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் மிகப்பல அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் பேரரசர்கள் காலத்தவை. கி.பி. 64 அளவில் நீரோ மன்னன் தன் வெள்ளிக் காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். அதன்பின் வெளியான வெள்ளிக் காசுகள் தென்னாட்டுப் புதையல்களில் அரியவை. புதுக் காசு தரங்குறைந்தது என்றறிந்து, பழங்காசையே நம் வணிகர் கேட்டு வாங்கினர் என்று ஆய்வாளர் பலர் கருதுவர்.

ரோமானிய அறிஞர் பிளினி ஈழத்தைப் பற்றிக் குறித்துள்ள செய்தி ஒன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. செங்கடல் வரி வாங்கும் உரிமை பெற்றிருந்த ஒருவரின் ஆள், காற்றால் அலைக்கப்பட்டு அத்தீவை அடைந்தான். அவனிடமிருந்த தினாரியஸ் காசுகளை அந்நாட்டு மன்னன் பார்த்தான். காசுகளில் இருந்த முகங்கள் வெவ்வேறு. ஆயினும் எடை ஒன்றே. ஆட்சி மாறியும் எடை மாறாத அந்த நேர்மையை மன்னன் வியந்தான் என்கிறார் பிளினி. காசைக் கொண்டு ஒரு நாட்டின் குணத்தை அளந்த மன்னன் அவன்.

ரூபாய் பிறந்த கதை

‘ரூப்ய’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது ரூபாய் என்னும் பெயர். 16ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தில்லியை ஆண்ட ஷேர் ஷா, 178 கிரெயின் அளவு எடையுள்ள வெள்ளி ரூபாயை வெளியிட்டார். முகலாயர் அதனைத் தொடர்ந்தனர். முகலாயப் பேரரசு தளர்ந்தபோது ஊருக்கொரு ரூபாய் தோன்றிற்று. சென்னைப் பக்கம் ஆர்க்காட்டு ரூபாய், மேற்கே சூரத்து ரூபாய், வங்கத்தில் சிக்கா ரூபாய் எனப் பலவகை. எடையும் மாற்றும் வேறுபட்டமையால், ஓரூர்க் காசை மற்றோரூரில் மாற்ற வேண்டுமாயின் சராப் கடைக்குத்தான் செல்ல வேண்டும். சராப் தட்டிப் பார்ப்பார், நிறுப்பார், தமக்குரிய வட்டத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். எளியவர் கைக்காசில் ஒரு பகுதி இவ்வாறு கரைந்து போயிற்று.

இந்நிலையை மாற்றியது 1835ஆம் ஆண்டுச் சட்டம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாய் வந்தது. எடை 180 கிரெயின். அதாவது ஒரு தோலா, இன்றைய கணக்கில் 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு முதலிய கலப்பு. எனவே ஒவ்வொரு ரூபாயிலும் 10.69 கிராம் தூய வெள்ளி இருந்தது.

ஒரே நாணயமுறை வேண்டும் என்று வலியுறுத்தியவர்களுள் ஜேம்ஸ் பிரின்செப் குறிப்பிடத்தக்கவர். முதலிற் காசியிலும் பின்னர்க் கல்கத்தாவிலும் நாணயச்சாலையில் மாற்றுப் பார்க்கும் பணியில் இருந்தவர். நம் வழக்கிற் சொன்னால் அவரும் ஒரு வண்ணக்கரே. வெள்ளியின் தரத்தை நுணுகி அளந்த அதே கண்களால் பழங்காசுகளின் எழுத்துகளையும் கல்வெட்டுகளையும் ஒப்பிட்டு, 1837ஆம் ஆண்டு அசோகர் காலப் பிராமி எழுத்தை வாசித்தறிந்தார். நம் பாண்டி நாட்டுக் குகைக் கல்வெட்டுகளைப் பிற்காலத்தார் படிப்பதற்கும் அவ்வாசிப்பே முதற்படியாயிற்று. மூன்றாண்டுகளில், தம் நாற்பதாம் அகவையை ஒட்டி, அவர் மறைந்தார்.

முகம் மாறியதும் மாற்று மாறியதும்

1835 முதல் நூறாண்டுக்கு மேலாக ரூபாயில் முகங்கள் மாறின. நான்காம் வில்லியம், விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் என்னும் வரிசை அது. எடையும் மாற்றும் 1939 வரை மாறவில்லை. ஈழத்து மன்னன் வியந்த அதே தன்மை இது.

ஆயினும் உள்ளே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரிந்தது. அதுவரை எவரும் வெள்ளியை நாணயச்சாலையில் கொடுத்து ரூபாயாக்கிக் கொள்ளலாம். 1893இல் அவ்வுரிமை நிறுத்தப்பட்டது. அதன்பின் ரூபாயின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியின் விலையைக் காட்டிலும் உயர்ந்து நின்றது. இதனால் ஒரு விந்தை விளைந்தது: நல்ல வெள்ளியிலேயே கள்ள ரூபாய் அடித்தாலும் அடித்தவனுக்கு ஆதாயம் உண்டு! ஆகவே ‘வெள்ளி உண்மை’ என்பதும் ‘நாணயம் உண்மை’ என்பதும் வெவ்வேறு வினாக்கள் ஆயின. காசு சேர்ப்போர் இன்றும் மறக்கலாகாத செய்தி இது.

1911இல் வெளியான ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், மன்னரின் மேலங்கி அணியிலிருந்த யானை உருவம் பன்றியைப் போலத் தோன்றுகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டே யானையைத் தெளிவாக வரைந்து புது அச்சு செய்தனர். அதனால் 1911 என்னும் ஆண்டுடைய ரூபாய் இன்று விரும்பித் தேடப்படுகின்றது.

முதல் உலகப் போரில் வெள்ளி விலை மீண்டும் ஏறிற்று. 1917இல் ஒரு ரூபாய்த் தாள் வெளிவந்தது. 1918இல் அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி 20 கோடி அவுன்சு வெள்ளியை இந்தியாவுக்கு விற்றது. நம் பாட்டிமார் கையிலிருந்த சில ரூபாய்களில் அமெரிக்க டாலரின் வெள்ளி கலந்திருக்கக்கூடும்.

பெரிய மாற்றம் 1940இல் வந்தது. இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியில், ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது: நூற்றுக்கு 50 பங்கு வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். அளவும் எடையும் மன்னர் முகமும் பழையனவே. உள்ளீடு மட்டும் வேறு. கள்ள நாணயத்தைத் தடுக்க, விளிம்பின் நடுவே ஒரு பள்ளமும் அதனுள் கோலமும் அமைந்த காப்பு விளிம்பு அப்போது புகுத்தப்பட்டது. விக்டோரியா காலம் முதலான நல்ல வெள்ளி ரூபாய்கள் அடுத்த சில ஆண்டுகளில் படிப்படியாகச் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. 1947இல் வந்த புலி உருவ ரூபாயில் வெள்ளி அறவே இல்லை. அது முழு நிக்கல். போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற வெள்ளியை, 1950களில் விடுதலை பெற்ற இந்தியா திருப்பிக் கொடுத்தது. பாதி வெள்ளி நாணயங்களைத் திரும்பப் பெற்று உருக்கியே அக்கடனைத் தீர்த்தனர். கடன் வாங்கியது ஓர் ஆட்சி. தீர்த்தது மற்றோர் ஆட்சி. இதுவும் நாணயமே.

கண், காது, தராசு

நண்பரும் நாமும் கூடத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, இருபது நாணயங்களையும் ஆண்டு வரிசையில் அடுக்கினோம். விக்டோரியா நான்கு, எட்வர்டு இரண்டு, ஐந்தாம் ஜார்ஜ் எட்டு, ஆறாம் ஜார்ஜ் ஆறு.

முதலிற் கண்ணால் நோக்க வேண்டும். அச்சில் அடித்த நாணயத்தில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும், தளம் வழவழப்பாயிருக்கும். வார்ப்பில் ஊற்றிய கள்ள நாணயத்தில் நுண்ணிய குழிகளும் மழுங்கிய எழுத்தும் காணப்படும். விளிம்பில் வார்ப்புக் கோடு தெரிவதும் உண்டு. ஆண்டையும் கூர்ந்து நோக்குக. 1939ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது. அதனால் 1938ஆம் ஆண்டு நாணயத்தின் கடைசி இலக்கத்தைத் திருத்தி 1939 ஆக்கி விற்பார் உளர். ஆறாம் ஜார்ஜ் ரூபாயாயின் விளிம்பைப் பார்த்தல் நலம். வெறும் வரி விளிம்பாயின் நல்ல வெள்ளி. பள்ளமும் கோலமும் உள்ள காப்பு விளிம்பாயின் பாதி வெள்ளி. நண்பரின் ஆறில் ஒன்று மட்டுமே 1938. ஏனைய ஐந்தும் 1940க்குப் பிற்பட்டவை.

அடுத்தது காது. நாணயத்தை விரல் நுனியில் நிறுத்தி, மற்றொரு நாணயத்தால் மெல்லத் தட்டினால் வெள்ளி மணிபோல் ஒலித்து, அவ்வொலி சற்று நேரம் நிற்கும். ஈயங்கலந்தது ‘டக்’கென்று அடங்கிவிடும். பழைய சராப்கள் கல்லின் மேல் வீசி ஒலி கேட்டதும் இதன் பொருட்டே. ஆனால் ஒலியை மட்டும் நம்புதல் கூடாது. நுண்ணிய விரிசல் இருந்தால் நல்ல ரூபாயும் ஒலி மழுங்கும்.

மூன்றாவது தராசு. புழக்கத்தில் தேய்ந்த ரூபாய் 11.66 கிராமுக்குச் சிறிது குறைவாக நிற்கும். கூடுதலாக நிற்பின் ஐயுற வேண்டும். எடை சரியாயினும் சோதனை முடிந்ததாகாது. எடையோடு பருமனையும் அளக்க வேண்டும். அதற்கு நீரே போதும். கிராமில் நூற்றில் ஒரு பங்கையும் காட்டும் சிறு தராசின்மேல் ஒரு குவளை நீரை வைத்து, எடையைச் சுழியாக்கிக் கொள்க. நாணயத்தை மெல்லிய நூலிற் கட்டி, குவளையின் அடியையும் பக்கத்தையும் தொடாதவாறு நீருள் முழுதும் தொங்கவிடுக. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் உதறிவிடுக. அப்போது தராசு காட்டும் எடையே நாணயம் விலக்கிய நீரின் எடை. நாணயத்தின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி எண் கிடைக்கும். நல்ல வெள்ளி ரூபாய்க்கு அது ஏறத்தாழ 10.3, பாதி வெள்ளி ரூபாய்க்கு ஏறத்தாழ 9.5, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த, வெள்ளியே இல்லாத ‘ஜெர்மன் சில்வர்’ எனில் 8.7 அளவில் நிற்கும். முழு எடையுள்ள நல்ல ரூபாய் 1.13 கிராம் நீரை விலக்கும் என்று நினைவிற் கொண்டால் போதும்.

காந்தமும் உதவும், ஆனால் ஓரளவே. இரும்பும் நிக்கலும் காந்தத்தில் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. செம்பும் ஈயமும் ஒட்டா ஆகலின், ஒட்டாதவை எல்லாம் வெள்ளி என்று கொள்ளுதல் தவறு. உரைகல்லும் அமிலமும் தட்டார்க்கு உரியவை. அவை நகைக்குப் பொருந்தும்; பழங்காசில் வடுவை உண்டாக்கி அதன் மதிப்பைக் கெடுக்கும். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவதும் அவ்வாறே. காலத்தால் படிந்த கருமை அழுக்கன்று; அது நாணயத்தின் வயது. அதனை நீக்கினால் சேகரிப்போர் விலை குறைப்பர்.

ஆக, நண்பரின் இருபதும் தேறின. பதினைந்து நல்ல வெள்ளி, ஐந்து பாதி வெள்ளி. மொத்த எடை 230 கிராமுக்கு மேல். அதில் தூய வெள்ளி ஏறத்தாழ 190 கிராம். ஐந்தாம் ஜார்ஜ் எட்டில் ஒன்று 1911ஆம் ஆண்டினது. உருக்கியிருந்தால் அதுவும் மற்றவற்றோடு சேர்ந்து விளக்கின் தண்டாகியிருக்கும்.

இன்றைய வெள்ளிக் காசுகள்

வடபுலத்தில் வாழும் நாம் தன்தேரஸ் நாளில் அண்டை அயலாரைப் பார்த்து வெள்ளிக் காசு வாங்கப் பழகியுள்ளோம். கடைகளில் இலக்குமி, விநாயகர் உருவம் பொறித்த காசுகளோடு, விக்டோரியா முகம் பொறித்த புதுக் காசுகளும் விற்பனைக்கு உண்டு. பின்னவை பழைய ரூபாயின் சாயலில் இக்காலத்தில் அடித்தவை. அவற்றைப் பழமைக்காக விலை கொடுத்து வாங்குதல் ஏமாற்றமே. வெள்ளிக்காக வாங்குவதாயின் தூய்மை எண்ணையும் எடையையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குக. வெள்ளிப் பொருள்களுக்கு இந்தியத் தர நிறுவனத்தின் ஹால்மார்க் முறை 2005 முதல் நடைமுறையில் உள்ளது. முத்திரை இருப்பதைக் கேட்டு வாங்குதல் நலம்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் கொண்டுவரும் ஒரு அவுன்சு வெள்ளிக் காசுகளும் இன்று சில இல்லங்களில் உள்ளன. 1986 முதல் வரும் அமெரிக்கக் கழுகுக் காசும், 1988 முதல் வரும் கனடாவின் மேப்பிள் இலைக் காசும் அவ்வகையின. அவை புழக்கத்திற்கன்றி வெள்ளியைச் சேமிப்பதற்காகவே அடிக்கப்படுபவை. போலிகளுக்கு இலக்கான இனம் இது. இவற்றிற்கும் நீர்ச் சோதனை பொருந்தும். 31.1 கிராம் எடையுள்ள தூய வெள்ளிக் காசு 2.97 கிராம் அளவு நீரை விலக்க வேண்டும்.

ஒரு சட்டச் செய்தியும் சொல்லல் வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி, நூறாண்டு நிரம்பிய நாணயம் தொல்பொருளாகும். அதனைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்வதற்குத் தடை உண்டு. பேத்திக்குப் பரிசாகப் பாட்டியின் ரூபாயைப் பெட்டியில் வைத்து விமானம் ஏறுமுன் இதனை நினைவிற் கொள்க.

இருபத்தொன்றாவது நாணயம்

இறுதியாக மஞ்சள் முடிச்சை அவிழ்த்தோம். விக்டோரியா முகம், ஓரத்தில் உளியால் வெட்டிய ஆழமான வடு. எடை 11.2 கிராம்; விலக்கிய நீர் 1.29 கிராம். வகுத்தால் 8.7. வெள்ளி அணுவளவும் இல்லாத கள்ள ரூபாய்.

அதைக் கண்டதும் நண்பர்க்குப் பழைய நினைவொன்று மீண்டது. அவர் சிறுவனாயிருந்தபோது, பள்ளிக் கட்டணத்திற்காக அன்னையார் சில ரூபாய்களை வெள்ளிக் கடையில் விற்கச் சென்றாராம். கடைக்காரர் அவற்றுள் ஒன்றை ஒதுக்கி, உளியால் வெட்டிக் காட்டி, “இது ஆகாது, அம்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று வீட்டில் பணமுடை மிகுதி. “தெருவில் வரும் பாத்திரக்காரியிடம் மற்றவற்றோடு சேர்த்துக் கொடுத்துவிடேன்; அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?” என்று தந்தையார் சொன்னார். அன்னையார் மறுத்துவிட்டார். “எவரோ ஒருவர் எங்கள் அப்பாவை ஏமாற்றினார். அது நம் வீட்டோடு நிற்கட்டும்” என்றாராம். அன்று முடிந்த துணி, அன்னையார் மறையும் வரை அவிழவில்லை.

அந்த அம்மையார் தராசும் அறியார், அடர்த்தியும் அறியார். ஆயினும் வண்ணக்கர் செய்யும் தொழிலின் முடிவான பகுதியை அவர் செய்தார்: பொய்யானதைத் தம் கையிலேயே நிறுத்திக்கொண்டார். நல்ல காசை நல்ல காசென்று அறிவது பாதி. தீய காசை அடுத்தவர் கைக்குப் போகாமல் தடுப்பது மறுபாதி. இரண்டும் சேர்ந்ததையே நம் முன்னோர் ‘நாணயம்’ என்னும் ஒரே சொல்லால் குறித்தனர் போலும்.

குத்துவிளக்குச் செய்யும் எண்ணத்தை நண்பர் கைவிட்டார். பாதி வெள்ளி நாணயங்கள் ஐந்தை மட்டும் விற்று, அப்பணத்தில் மகளுக்கு ஒரு குங்குமச் சிமிழ் வாங்கினார். மற்றப் பதினைந்தையும் துலக்காமல், அமிலமற்ற தாளில் தனித்தனியே மடித்து, ஆண்டும் எடையும் எழுதி மகளிடம் தந்தார். “இருபத்தொன்றாவதை என்ன செய்வதாக எண்ணம்?” என்று நாம் கேட்டோம். அவர் அதனை மீண்டும் அந்த மஞ்சள் துணியிலேயே முடிந்து, பையின் மேற்புறத்தில் வைத்தார். மகளுக்குச் சொல்ல வேண்டிய முதற்கதை அதுவே என்றார்.